பாலாறும் தோல் ஷாப்பும்

பூவுலகைப் பீடிக்கும் சுற்றுச்சூழல் கேடுகளைப் பற்றி எழுதப் புகுகிறவர்கள், உருகும் பனிமலைகளையும் வெப்பமேறும் சமுத்திரங்களையும் முதலில் காட்டுவது வழக்கமாகிவிட்டது. அவை மெய்யே. ஆயினும் ஒரு கேடு எங்கே பிறக்கிறது, யார் யாருடைய நல்ல நோக்கங்களால் போஷிக்கப்பட்டு வளர்கிறது, கடைசியில் யாருடைய வீட்டுக் கிணற்றில் வந்து தங்குகிறது என்பதை ஆதியோடந்தமாய் அறிய விரும்புகிறவர், ஒரே ஓர் ஆற்றின் கதையை எடுத்துக்கொண்டு நூற்றைம்பது ஆண்டுகள் அதன் கரையோடு நடந்து பார்ப்பதே நலம். அவ்வாறு நடப்பதற்குத் தொண்டை நாட்டுப் பாலாற்றை விட உகந்த ஆறு கிடைப்பது அரிது. ஏனெனில் அதன் கரையில் நடந்த ஒவ்வொன்றும் அந்தந்தக் காலத்தில் அபிவிருத்தி என்ற பெயரோடுதான் நடந்தது.

கர்நாடகத்தில் நந்தி மலைப் பிரதேசத்தில் பிறந்து, ஆந்திரத்தின் ஒரு மூலையைக் கடந்து, வாணியம்பாடிக்கு மேற்கே தமிழ்நாட்டில் புகுந்து, ஆம்பூர், வேலூர், ராணிப்பேட்டை, காஞ்சிபுரம் என்று ஊர்களைத் தொட்டுக்கொண்டு, கல்பாக்கத்தை அடுத்த வயலூரில் வங்கக் கடலை அடையும் இந்த ஆற்றின் நீளம் சுமார் 348 கிலோமீட்டர். அதில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டுக்கு உரியது. காவிரியையும் தாமிரபரணியையும் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் பாலாறு ஆறாகவே தோன்றாது. ஆண்டில் பெரும்பகுதி அது அகன்ற மணற்பரப்பாகவே கிடக்கும். மழைக்காலத்தில் சில நாள் வெள்ளம் புரண்டு ஓடும். ஆனால் அந்த மணலுக்கு அடியில் ஆண்டு முழுவதும் ஜலம் நகர்ந்துகொண்டே இருந்தது. அதை அறிந்த குடியானவர்கள் ஆற்று மணலில் நீளமாகக் கால் பறித்து, ஊறிவரும் தண்ணீரைக் கரைக்கு ஏற்றி வயலுக்குப் பாய்ச்சினார்கள். ஊற்றுக்கால் என்று பெயர் பெற்ற அந்த வாய்க்கால்கள் கோடையிலும் வற்றாமல் ஓடின. ஆற்றின் இரு மருங்கிலும் பல்லவர் காலந்தொட்டு வெட்டப்பட்ட ஏரிகள் இருந்தன. முதலாம் மகேந்திரவர்மன் மகேந்திரவாடியில் குடைவித்த குகைக் கோயிலின் கல்வெட்டே அங்குள்ள ஏரியை அவன் பெயரால் குறிப்பிடுகிறது. நீர் கண்ணுக்குத் தெரியாத ஆற்றை நம்பி ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் ஒரு நாடு நெல் விளைத்தது என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். மேலே சொரிவதை மணல் உறிஞ்சி அடியில் சேமித்து வைக்கும் இந்த இயல்பே அக்காலத்தில் ஆற்றின் பாக்கியமாக இருந்தது. பிற்காலத்தில் அதுவே அதன் துர்ப்பாக்கியமாயிற்று.

தோல் பதனிடுவது இந்நாட்டுக்குப் புதிய தொழில் அன்று. உழவுக்குரிய வாரும், ஏற்றத்துக்குரிய சாலும், காலுக்குரிய செருப்பும் ஒவ்வொரு கிராமத்துக்கும் வேண்டியிருந்தன. அவற்றைச் செய்து தந்தவர்களை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு, அவர்கள் செய்த பொருளை மட்டும் ஊருக்குள் ஏற்றுக்கொண்டது நம் சமுதாயம். செத்த மாட்டின் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து மயிர் களைந்து, ஆவாரம் பட்டையையும் கடுக்காயையும் ஊறவைத்த சாயத்தில் வாரக்கணக்காகப் போட்டு எடுப்பது அவர்கள் முறை. இந்த முறையைப் பெரிய அளவில் செய்யும் வியாபாரமாகத் திருத்தி அமைத்தவர் சார்லஸ் டி சூசா என்ற யூரேசியர் என்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் மத்தியில் அவர் புதுச்சேரியிலும் சென்னைப் பக்கத்திலும் தொடங்கிய சீர்திருத்தத்தின் பலனாக, சென்னை மாகாணத்துப் பட்டைத் தோல் லண்டன் சந்தையில் தனிப் பெயர் எடுத்தது.

அந்த வியாபாரம் பாலாற்றங்கரையில் வந்து வேரூன்றியதற்குக் காரணங்கள் பல ஒன்றுகூடின. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி ராயபுரத்திலிருந்து புறப்பட்டு வந்து நின்ற இடம் வாலாஜா ரோடு. அடுத்த சில ஆண்டுகளில் அந்தப் பாதை ஆம்பூர், வாணியம்பாடி வழியாக மேற்கே நீண்டது. ஆவாரஞ்செடி அந்தக் கரம்பு நிலங்களில் தானாகவே மண்டிக் கிடந்தது. தோல் வியாபாரத்தில் தலைமுறைப் பழக்கமும், சென்னைப் பெரியமேட்டு மண்டிகளோடு உறவும், கடல் கடந்த தொடர்பும் கொண்ட முஸ்லிம் வணிகக் குடும்பங்கள் வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் பேர்ணாம்பட்டிலும் மேல்விஷாரத்திலும் இருந்தன. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, தோலுக்கு வேண்டிய நல்ல தண்ணீர் மணலைச் சற்றுத் தோண்டினாலே கிடைத்தது. தோல் ஷாப்பு என்று அந்த வட்டாரத்து மக்கள் இன்றளவும் அழைக்கும் பட்டறைகள் ஆற்றின் கரையை ஒட்டியே வரிசையாக எழுந்ததில் வியப்பில்லை.

அந்த வணிகர்களைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல் மேலே செல்வது நியாயமாகாது. தாங்கள் ஈட்டிய செல்வத்தில் கணிசமான பங்கை அவர்கள் கல்விக்கும் தர்மத்துக்கும் கொடுத்தார்கள். வாணியம்பாடியின் இஸ்லாமியாக் கல்லூரி 1919இல் எழுந்தது. மேல்விஷாரத்துத் தோல் வணிகர் சி. அப்துல் ஹக்கீம் சாதி மத பேதம் பாராமல் வழங்கிய கொடைகள் சென்னைப் பட்டினம் வரை அறியப்பட்டவை. எனவே இந்தக் கதையில் கொடியவன் ஒருவனைத் தேடிக் கண்டுபிடித்து, அவன் தலையில் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாக உறங்கிவிட முடியாது.

பட்டைத் தோல் காலத்திலும் ஆற்றில் அழுக்கு சேர்ந்தது உண்மையே. சுண்ணாம்பும் மயிரும் சவ்வும் கலந்த கழிவு நாற்றமெடுத்தது. கரையோரத்துச் சேரிகளில் குடியிருந்தோர் அதைச் சகித்தார்கள். ஆனால் பட்டைச் சாயம் செடியிலிருந்து வந்தது, காலப்போக்கில் மக்கிவிடும். ஷாப்புகள் குறைவாக இருந்தன. ஒரு தோல் பதமாக வாரங்கள் ஆயின. ஆண்டுதோறும் வந்த வெள்ளம் அழுக்கில் ஒரு பகுதியை வாரிக் கடலுக்குக் கொண்டு போயிற்று. 1903ஆம் ஆண்டு நவம்பரில் வந்த வெள்ளம் அழுக்கோடு மனிதரையும் வாரிக்கொண்டு போனது. வாணியம்பாடியில் அதற்கு நினைவுத்தூண் எழுப்பப்பட்டது. அப்படிப் பொங்கக்கூடிய ஆறாகத்தான் பாலாறு அன்று இருந்தது.

வெள்ளம் வந்த அதே காலத்தில்தான், சென்னைக் கலைத்தொழில் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்ட்டன் என்ற ஆங்கிலேயர் ஒரு பரிசோதனையில் ஈடுபட்டிருந்தார். பட்டைக்குப் பதிலாகக் குரோமியம் என்னும் உலோகத்தின் உப்பைக் கொண்டு தோல் பதனிடும் வித்தையை அகஸ்டஸ் ஷூல்ட்ஸ் என்பவர் 1884இல் அமெரிக்காவில் பதிவு செய்திருந்தார். மார்ட்டின் டென்னிஸ் 1893இல் அதை மேலும் எளிதாக்கினார். பட்டை வாரக்கணக்கில் செய்த வேலையைக் குரோமியம் ஓரிரு நாளில் செய்தது. இந்த வித்தையைச் சாட்டர்ட்டன் சென்னைக்குக் கொண்டுவந்ததன் முதல் நோக்கங்களுள் ஒன்று, குடியானவனின் கவலை ஏற்றத்துக்கு நல்ல தோல் செய்து கொடுப்பது. மாடுகள் சரிவில் இறங்கக் கிணற்றிலிருந்து சால் மேலேறும். சாலின் அடியில் பொருத்திய தோல் வால் வழியாக நீர் தொட்டியில் கொட்டும். அந்த வால் இடைவிடாமல் நனைந்து நனைந்து சீக்கிரம் மட்கிவிடும். குரோம் தோல் நீருக்கு அசையாது, ஆகவே உழவனுக்குச் செலவு மிச்சம் என்பது அவர் கணக்கு. கிணற்று நீரை எளிதாய் இறைப்பதற்காக இந்நாட்டுக்கு அழைத்து வரப்பட்ட பொருள், எண்பது ஆண்டு கழித்து அந்தக் கிணறுகளையே இறைக்கத் தகாதவையாக ஆக்கும் என்பதைச் சாட்டர்ட்டனோ அவரைப் பாராட்டிய அதிகாரிகளோ கனவிலும் கண்டிருக்க முடியாது.

பரிசோதனைக்குப் பின் தொழிற்சாலைகள் வந்தன. சென்னைக்குத் தெற்கே பல்லாவரத்தருகில் ஜார்ஜ் சேம்பர்ஸ் நிறுவிய குரோம் லெதர் கம்பெனியால் அந்த இடத்துக்கே குரோம்பேட்டை என்ற பெயர் நிலைத்தது. முதல் உலக யுத்தத்தில் சென்னை மாகாணத்துப் பதனிட்ட மாட்டுத் தோலைப் பிரிட்டிஷ் யுத்த இலாகா மொத்தமாக வாங்கிப் படைவீரர்களின் பூட்ஸுக்கு உபயோகித்தது. இத்தனைக்கும் நடுவில், பாலாற்றங்கரையை உள்ளடக்கிய வட ஆர்க்காட்டு ஜில்லாவின் ஷாப்புகளில் பெரும்பாலானவை பட்டை முறையையே பற்றிக்கொண்டிருந்தன; அரைகுறையாகப் பதனிட்ட தோலை அவை கப்பலேற்ற, அதை ஐரோப்பிய ஆலைகள் மெருகேற்றிச் செருப்பும் பையுமாக்கி, பன்மடங்கு விலைக்கு விற்றன.

சுதந்திரம் வந்ததும் இந்த நிலைமை தேசத்தின் கௌரவத்துக்கு இழுக்காகத் தோன்றியது இயல்பே. 1948இல் சென்னை அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. அதன் தலைமையை 1958இல் ஏற்ற டாக்டர் ஒய். நாயுடம்மா, தோல் தொழிலில் ஈடுபட்ட எளிய மனிதரின் வாழ்வு உயர வேண்டும் என்று மனமார உழைத்தவர். பச்சைத் தோலையும் அரைப்பதத் தோலையும் மலிவாய் ஏற்றுமதி செய்துவிட்டுச் செருப்பை விலை கொடுத்து வாங்கும் அவலம் தீர வேண்டும் என்பதே அக்காலத்தவர் அனைவருடைய எண்ணமும். 1972இல் சீதாராமையா குழு இதை ஆராய்ந்து சிபாரிசு செய்தது. அதையொட்டி மத்திய அரசு பச்சைத் தோல் ஏற்றுமதியைத் தடுத்தது, அரைப்பதத் தோலுக்கு அளவு விதித்தது, முழுமையாகப் பதனிட்ட தோலுக்கும் தோற்பொருளுக்கும் சலுகைகளை வாரி வழங்கியது.

அதே 1972ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஸ்டாக்ஹோமில் மனிதச் சுற்றுச்சூழல் பற்றிய ஐக்கிய நாடுகள் மாநாடு கூடியது. வெளிநாட்டிலிருந்து வந்து அதில் பேசிய ஒரே அரசாங்கத் தலைவர் இந்தியப் பிரதமர் இந்திரா காந்திதான். ஒரு தேசம் ஒரே ஆண்டில் ஒரு கையால் ஆற்றைக் காக்கும் பிரகடனத்தில் ஒப்பமிட்டுவிட்டு, மறு கையால் அந்த ஆற்றங்கரைக்கு உலகின் அழுக்குமிக்க தொழிலொன்றை விரிவாக அழைத்தது என்று இன்று பார்க்கிறவர் குறை கூறலாம். அக்காலத்து அதிகாரிகளுக்கு இவ்விரண்டும் முரணாகத் தோன்றவில்லை. மேல்நாடுகளிலோ அந்த ஆண்டுகளில் கழிவுநீர்ச் சட்டங்கள் இறுகின; கூலி ஏறியது; பழைய தோல் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. பதனிடும் வேலையின் நீர் குடிக்கும் பகுதியையும் விஷம் கக்கும் பகுதியையும் கீழ்நாடுகளுக்கு விட்டுவிட்டு, பளபளப்பான தோலை மட்டும் வாங்கிக்கொள்வது அவர்களுக்குச் சௌகரியமாயிற்று. நாம் லாபம் என்று எண்ணிக் கேட்டு வாங்கியதும், அவர்கள் தொல்லை என்று எண்ணித் தள்ளிவிட்டதும் ஒரே பண்டம்தான்.

அதன் பிறகு ஷாப்புகள் பெருகிய வேகத்தை அந்த வட்டாரத்து முதியவர்கள் இன்றும் நினைவுகூர்வர். பட்டைக் குழிகள் மூடப்பட்டன. ஆளுயரத்துக்கு மேற்பட்ட மரத்தாலான டிரம்கள் இரவு பகலாகச் சுழன்றன. ஒரு டிரம்முக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சற்று நின்று பார்ப்பது அவசியம். தோல் கெடாமல் இருக்க அதில் தடவியிருந்த சோற்றுப்பு முதல் ஊறலிலேயே கரைந்து வெளியேறும். அடுத்து சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் மயிரைக் கரைக்கும். அழுகிய முட்டையின் நாற்றம் அப்போது எழும். பின்னர்ச் சுண்ணாம்பைப் போக்கி, உப்பும் அமிலமும் கலந்த நீரில் தோலைப் புரட்டி, கடைசியில் குரோமியம் சல்பேட்டை ஊற்றுவார்கள். வெளியே வரும் தோல் ஈரமாய் வெளிர்நீலமாய் இருக்கும்; வெட் ப்ளூ என்பது அதற்குத் தொழிலில் வழங்கும் பெயர். போட்ட குரோமியத்தில் ஒரு பங்கு தோலோடு ஒட்டாமல் நீரோடு போய்விடும்; போட்ட உப்போ முழுவதும் போய்விடும். ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாவதாகப் பிற்பாடு உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் பதிவாயிற்று. அந்தத் தண்ணீர் எல்லாம் மணலிலிருந்து நல்ல நீராக எடுக்கப்பட்டு, அதே மணலில் உப்பு நீராக விடப்பட்டது.

இங்கேதான் பாலாற்றின் இயல்பு அதற்கே எமனாயிற்று. வற்றாத ஆறாக இருந்தால் கழிவு கரைந்து அடித்துச் செல்லப்பட்டிருக்கும். வேறெங்கோ கேடு செய்திருக்கும் என்றாலும் இங்கே தேங்கியிராது. பாலாறோ உறிஞ்சி வைத்துக்கொள்ளும் ஆறு. மேற்கே கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் அணைகளும் தடுப்புகளும் பெருகின. 1892இல் மைசூருக்கும் சென்னைக்கும் ஏற்பட்ட ஒப்பந்தத்தைச் சுட்டி வழக்குகள் நடந்தும், வரவேண்டிய வெள்ளம் குறைந்துகொண்டே வந்தது. கட்டடங்களுக்காக மணலையும் லாரி லாரியாக அள்ளினார்கள். கழுவ வேண்டிய வெள்ளமும் வடிகட்ட வேண்டிய மணலும் ஒருசேரக் குறைந்த காலத்தில், கழிவு மட்டும் கூடியது. ஊற்றுக்கால் பறித்த இடங்களில் ஊறி வந்தது உப்புக்கரித்தது. தென்னந்தோப்புகள் குருத்து வாடி நின்றன. நெற்பயிர் தூர் கட்டவில்லை. நீர் பாய்ந்த வயல் காய்ந்ததும் மேலே வெள்ளை பூத்தது. குடியானவர்கள் கிணற்றை மேலும் ஆழப்படுத்திப் பார்த்தார்கள். ஆழத்திலும் அதே சுவைதான். பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஷாப்புக்காரர்கள் அனுப்பும் தண்ணீர் லாரிக்காகக் காத்து நின்றார்கள். கெடுத்தவரிடமே கையேந்தித் தண்ணீர் வாங்கும்படி ஆனது என்பது அந்த ஊர்களின் தீராத மனக்குறை.

இதை ஆய்ந்து எண்ணாகச் சொன்னபோதுதான் வெளியுலகம் விழித்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலையம், தோல் ஷாப்புகள் சூழ்ந்த பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்குத் தகாததாகிவிட்டது என்று கண்டது. தோல் தொழில் பெருகிய மற்றோர் இடமான திண்டுக்கல் வட்டாரத்தில் 13 கிராமங்களை ஆராய்ந்த வேறொரு கணக்கெடுப்பில், 467 கிணறுகளில் 350 கெட்டிருந்தன. சட்டம் இல்லாமல் இவை நடக்கவில்லை. நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974இலேயே வந்துவிட்டது. ஆறுகளிலிருந்து ஒரு கிலோமீட்டர் எல்லைக்குள் மிகுந்த மாசு உண்டாக்கும் தொழில்களைத் தொடங்கக் கூடாது என்று மாநில அரசு 1989 மார்ச் 30இல் அரசாணை பிறப்பித்தது. ஷாப்புகளோ நூறாண்டுக்கு முன்பே ஆற்றங்கரையில் குடியேறியிருந்தன.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. ஐந்தாண்டுக்குப் பின், 1996 ஆகஸ்ட் 28இல், நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. அபாயம் முழுவதும் நிரூபணமாகும் வரை காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்பதும், மாசு செய்தவனே அதன் செலவை ஏற்க வேண்டும் என்பதும் இந்த நாட்டுச் சட்டத்தின் அங்கங்கள் என்று அந்தத் தீர்ப்பு உறுதி செய்தது. ஐந்து மாவட்டங்களில் இயங்கிய 900க்கு மேற்பட்ட ஷாப்புகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்து, 1996 நவம்பர் 30க்குள் சுத்திகரிப்புக்கு வழி செய்யுமாறு கெடு வைத்தது. நஷ்டத்தைக் கணக்கிட ஓர் அதிகார அமைப்பை ஏற்படுத்தவும், சென்னை உயர் நீதிமன்றத்தில் பசுமை அமர்வு ஒன்றை நிறுவவும் வழி கோலியது. பாரத தேசத்தில் சுற்றுச்சூழல் சட்டம் கற்கும் எந்த மாணவரும் இன்று இந்த வழக்கைப் படிக்காமல் தேற முடியாது. பாலாறு நம் சட்டப் புத்தகத்துக்கு இரண்டு மகத்தான தத்துவங்களைத் தந்தது. சட்டப் புத்தகம் பாலாற்றுக்கு என்ன திருப்பித் தந்தது என்பதே கேள்வி.

நஷ்டஈட்டுக்கான அமைப்பு 2001 மார்ச்சில் தன் முடிவை வெளியிட்டது. வேலூர் மாவட்டத்தில் 29,193 பேர் பாதிக்கப்பட்டவர்கள் என்றும், 547 தொழிற்கூடங்கள் சேர்ந்து அவர்களுக்கு 26.82 கோடி ரூபாய் கொடுக்க வேண்டும் என்றும் அது நிர்ணயித்தது. 1991 முதல் 1998 வரை ஏழாண்டுக்கு மேற்பட்ட நஷ்டத்துக்கு அது. வகுத்துப் பார்த்தால் தலைக்குப் பத்தாயிரம் ரூபாய்கூட வராது. ஒரு ஷாப்பு ஒரே தடவையில் கட்டிய அபராதத்தை விட, ஏழாண்டு நிலமும் கிணறும் இழந்த ஒருவருக்குச் சராசரியாக நிர்ணயித்த தொகை குறைவு.

பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன என்பதை மறுக்கக் கூடாது. அவற்றால் நாற்றம் குறைந்தது. குரோமியத்தைப் படியவைத்துப் பிரித்தெடுக்க முடிந்தது. ஆனால் கரைந்த உப்பை அந்த நிலையங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. உள்ளே போன உப்பு அப்படியே வெளியே வந்தது. ஆகவே 2000க்குப் பின் சவ்வூடு வடிகட்டும் இயந்திரங்களும் நீரை ஆவியாக்கும் கொதிகலன்களும் சேர்க்கப்பட்டன. நீர் திரும்பக் கிடைத்தது. எஞ்சிய கலப்பு உப்பை வாங்குவாரில்லை. அது மூட்டை மூட்டையாகக் கொட்டகைகளில் அடுக்கப்பட்டது. படிந்த சேறும் குவிந்தது. 2015 ஜனவரி இறுதியில் ராணிப்பேட்டையில் அத்தகைய சேறு நிரம்பிய தொட்டி ஒன்றின் சுவர் இரவில் இடிந்து, அருகில் உறங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் மாண்டார்கள்; அவர்களில் ஒன்பது பேர் வேலை தேடி மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள்.

ராணிப்பேட்டையில் கழிவு மலை ஒன்றும் உண்டு. தோலுக்கு வேண்டிய குரோம உப்பைத் தயாரித்த ஒரு தொழிற்சாலை 1990களின் நடுவில் மூடப்பட்டபோது, ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாத கழிவை வெட்டவெளியில் விட்டுச் சென்றது. தோலில் ஒட்டும் குரோமியத்தை விட மிகக் கொடிய வகைக் குரோமியம் அதில் இருக்கிறது. மழை பெய்யும்போதெல்லாம் மஞ்சள் நீர் கசிந்து நிலத்தில் இறங்கியது. நியூயார்க்கைச் சேர்ந்த பிளாக்ஸ்மித் நிறுவனம் 2006இல் உலகிலேயே மிகவும் மாசடைந்த பத்து இடங்களைப் பட்டியலிட்டபோது, செர்னோபிலோடு ராணிப்பேட்டையும் அதில் இடம் பெற்றது. ஆர்க்காட்டு நவாபு ஒருவர் ஒரு வீரனின் மனைவியைப் போற்றி அமைத்ததாகச் சொல்லப்படும் ஊருக்கு இப்படியொரு கீர்த்தி வந்து சேர்ந்தது. 2025 ஜனவரி 30இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் இதே பாலாற்று விவகாரத்தில் தீர்ப்பளித்து, நஷ்டஈடு இன்னும் சேராதவர்களுக்குச் சேர்க்கவும், ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையில் குழு அமைத்து ஆற்றை மீட்கும் பணியைக் கண்காணிக்கவும் உத்தரவிட்டது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து, உப்பு நீரையே ஊர் நீர் என்று நம்பிப் பழகிவிட்டது.

இந்தச் சரித்திரத்தின் சாரம் ஒன்றே. வட்டிக்குக் கடன் கொடுத்தவனின் பெயரைப் பேரேட்டிலிருந்து நீக்கிவிட்டுத் தன் வருமானத்தை எண்ணி மகிழ்கிற வியாபாரியைப் போல, அந்நியச் செலாவணியை டாலர் டாலராக வரவில் எழுதிய நாம், மணலுக்கடியில் ஆயிரம் ஆண்டு ஊறி நின்ற நீரைச் செலவுப் பக்கத்தில் எழுதவே இல்லை. டி சூசா எழுதவில்லை, சாட்டர்ட்டன் எழுதவில்லை, சீதாராமையா குழுவும் எழுதவில்லை. அவர்கள் ஒவ்வொருவரும் நாட்டுக்கு நன்மை செய்ததாகவே நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்கு ஆதாரமும் இருந்தது. ஆம்பூரின் செருப்புத் தொழிற்சாலைகளில் இன்று ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை செய்து குடும்பம் நடத்துகிறார்கள். அவர்களில் பலர் நிலம் கெட்டுப்போன குடும்பத்துப் பெண்களே. ஷாப்புகளைப் பூட்டிவிட்டால் ஆறு மீளும் என்று சொல்லிவிடுவது எளிது. பூட்டிய மறுநாள் அவர்கள் எங்கே போவார்கள் என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். பாலாற்றங்கரையில் நடந்தது கங்கைக் கரையில் கான்பூரின் ஜாஜ்மாவிலும், டாக்காவின் ஹஜாரிபாகிலும் நடந்திருக்கிறது; ஹஜாரிபாகின் ஆலைகளை வங்காளதேச அரசு 2017இல் சாவாருக்குப் பெயர்த்தது, அழுக்கும் கூடவே பெயர்ந்தது.

ஆகவே செய்யத்தக்கவை எவை என்பதில் மயக்கம் வேண்டியதில்லை. பச்சைத் தோலை உப்பில்லாமல் குளிரூட்டியோ வேறு வழியிலோ காக்கும் முறைகள் அடையாற்று ஆராய்ச்சி நிலையத்துக்குத் தெரிந்தவை; அவற்றைக் கையாள ஷாப்புகளுக்குப் பணஉதவி செய்வது, உப்பை மண்ணில் விட்டபின் கோடிக்கணக்கில் செலவிட்டு அள்ளுவதை விடச் சிக்கனமானது. இங்கிருந்து தோல் வாங்கும் மேல்நாட்டுக் கம்பெனிகள், தங்கள் ஊரில் செலவழிக்க மறுத்த சுத்திகரிப்புச் செலவைத் தோலின் விலையில் சேர்த்துத் தர வேண்டும். மாசு செய்தவன் செலவை ஏற்க வேண்டும் என்ற நியாயம் கப்பலேறியதும் காலாவதியாகிவிடுவதில்லை. ராணிப்பேட்டைக் கழிவு மலையை அகற்றும் வேலை இனி ஒரு மழைக்காலத்துக்கும் தள்ளிப்போடத்தக்கதன்று. ஒவ்வொரு ஊராட்சியிலும் கிணற்று நீரின் பரிசோதனை முடிவை ஆண்டுதோறும் ஊர்ப் பொதுவிடத்தில் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். தன் கிணற்றில் என்ன இருக்கிறது என்று அறியும் உரிமை நீதிமன்றம் வரை போகிறவனுக்கு மட்டும் உரியதாக இருக்கக் கூடாது.

பூமியின் பெருங்கேடுகள் எல்லாம் இப்படித்தான் பிறக்கின்றன: ஒவ்வோர் அடியும் நியாயமாகத் தோன்ற, கணக்கில் ஒரே ஒரு பத்தி மட்டும் எழுதப்படாமல் விடுபடுகிறது. அந்தப் பத்தியை எழுத மறுக்கும் எந்தத் தொழிலும் லாபகரமானது என்று சொல்லிக்கொள்ளும் தகுதியை இழக்கிறது. பாலாற்றுக்கு நாம் பட்ட கடன் இன்னும் நிலுவையில் இருக்கிறது. அதைத் தீர்க்காத வரையில், 1996 தீர்ப்பைப் பெருமையாக மேற்கோள் காட்டும் உரிமை நமக்கு இல்லை.